பன்னாட்டு மனிதநேயச் சட்ட மூட்: வாதத்தை எங்கிருந்து தொடங்குவது?

தாமிரபரணி எழுதியது:

வணக்கம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவி நான். எங்கள் கல்லூரியிலிருந்து முதன்முறையாக ஓர் அணி பன்னாட்டு மனிதநேயச் சட்ட (போர்ச் சட்ட) மூட் போட்டிக்கு, அதாவது கற்பனை வழக்கில் வாதாடும் போட்டிக்குப் போகிறது. பார் கவுன்சில் விதிப்படி ஆண்டுக்கு மூன்று மூட் என்று வகுப்பறைக்குள்ளேயே செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அவையெல்லாம் ஜாமீன் மனு, ஒப்பந்த மீறல், மிஞ்சிப்போனால் ஓர் அடிப்படை உரிமை வழக்கு. போர்ச் சட்டத்தை எங்களுக்குப் பாடமாக நடத்தியவர் எவரும் இல்லாததால் இங்கே வந்து கேட்கிறேன்.

மூட் பிராப்ளத்தின், அதாவது எங்களுக்குத் தந்த கற்பனை வழக்குத் தாளின் சுருக்கம் இது. கற்பனையான ஒரு நாட்டின் அரசுப் படைக்கும் மலைப்பகுதியைக் கைப்பற்றி வைத்திருக்கும் ஆயுதக் குழுவுக்கும் இரண்டாண்டுகளாகச் சண்டை நடக்கிறது. பக்கத்து நாடு குழுவுக்குப் பணமும் ஆயுதமும் பயிற்சியும் தருகிறது. குழுவின் வெடிமருந்து ஓர் ஆற்றுப்பாலத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. பாலத்தின் ஒரு முனையில், எந்தத் தரப்பும் நிலையாகப் பிடித்து வைக்காத சிற்றூர் ஒன்றும் அதன் வாரச்சந்தையும் இருக்கின்றன. வெடிமருந்து வண்டியொன்று கடக்கவிருப்பதாகத் தகவல் வந்ததும், அரசுப் படையின் பிரிகேடியர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாலத்தைப் பீரங்கியால் தாக்க உத்தரவிடுகிறார். பாலம் உடைகிறது, சந்தையில் 43 பேர் இறக்கிறார்கள். சந்தை வழக்கமாகக் கூடுவது வியாழக்கிழமை; அந்த வாரம் திருவிழாவை முன்னிட்டு முன்னதாகவே கூடியது. முந்தைய நாள் மாலை எடுத்த ட்ரோன் படத்தில் பாலத்தருகே சில மாட்டுவண்டிகள் நிற்பது தெரிகிறது. இவ்வளவுதான்.

வழக்கு பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் நடப்பதாக வைத்திருக்கிறார்கள். நான் வழக்குத் தொடுநர் தரப்பில் பேசுகிறேன். அந்த நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தின் 8(2)(ஆ)(iv) பிரிவின்கீழ் மிகையான தாக்குதல் (எதிர்பார்க்கும் படைநலனோடு, அதாவது இராணுவ ஆதாயத்தோடு ஒப்பிட்டால் பொதுமக்களுக்கு மிகையான இழப்பு வரும் என்று தெரிந்தே தாக்குவது) என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு, "நாற்பத்து மூன்று பேர் காய்கறி வாங்கப் போனார்கள்" என்று உரையைத் தொடங்குவதாக எழுதி வைத்திருக்கிறேன். அணியில் மற்ற இருவருக்கும் இந்தத் தொடக்கம் மிகவும் பிடித்துவிட்டது. மெமோரியல் (எழுத்து வாதம்) அனுப்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சரியான பாதையில்தான் போகிறோமா?

மூன்றாம் நாற்காலி எழுதியது:

முதலில் வாழ்த்துகள். மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். கல்லூரி நாட்களில் ஆய்வாளர் இடத்தில், அதாவது வாய் திறக்காமல் சீட்டு எழுதி நீட்டும் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தவன் என்பதால் இந்தப் பெயர்.

நீங்கள் உரையின் முதல் வரியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நான் பிரிவு எண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறேன். நீங்கள் எடுத்துக்கொண்ட குற்றம் நாடுகளுக்கிடையிலான ஆயுத மோதலுக்கு மட்டுமே உரியது. ஓர் அரசும் ஓர் ஆயுதக் குழுவும் மோதும் உள்நாட்டு மோதலுக்கான பட்டியல் 8(2)(இ), 8(2)(உ) ஆகிய பிரிவுகளில் இருக்கிறது, அங்கே மிகையான தாக்குதல் என்ற குற்றமே கிடையாது. வழக்காற்றுச் சட்டத்தில், அதாவது நாடுகளின் நடைமுறையால் உருவான சட்டத்தில், அந்தத் தடை உள்நாட்டு மோதலுக்கும் உண்டு. செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வின் 161 விதிகளில் 14ஆவது விதி அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஒன்று சட்டத்தால் தடுக்கப்பட்டிருப்பது வேறு, அது இந்த நீதிமன்றம் தண்டிக்கக்கூடிய குற்றமாகப் பட்டியலில் இருப்பது வேறு. இந்த இடைவெளியில் விழுந்து எழ முடியாமல் போன அணிகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் கேள்வியிலேயே நடுவர் இதைக் கேட்பார், பிறகு மீதி இருபது நிமிடமும் மன்னிப்புக் கேட்டே கழியும்.

பக்கத்து நாட்டின் உதவி உங்கள் தாளில் வீணுக்கு வைக்கப்படவில்லை. அந்த நாடு குழுவைக் கட்டுப்படுத்துகிறது என்று நிறுவினால் மோதல் நாடுகளுக்கிடையிலானதாக மாறும், உங்கள் பிரிவும் பிழைக்கும். இதற்கான அளவுகோல் முன்னாள் யூகோஸ்லாவியப் போர்க்குற்றத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு 1999இல் டாடிச் வழக்கில் சொன்ன ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு. பணமும் ஆயுதமும் பயிற்சியும் தந்தால் மட்டும் போதாது, குழுவின் படை நடவடிக்கைகளை ஒழுங்கமைப்பதிலோ திட்டமிடுவதிலோ அந்த நாட்டுக்குப் பங்கிருக்க வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. உங்கள் தாளில் முதல் மூன்று மட்டும்தான் இருக்கின்றன என்றால், தாள் எழுதியவர் வேண்டுமென்றே நான்காவதை எடுத்துவிட்டார் என்று பொருள். சிலர் பன்னாட்டு நீதிமன்றம் 1986இல் நிகரகுவா வழக்கில் சொன்ன செயல்முறைக் கட்டுப்பாட்டை இங்கே கொண்டுவந்து குழப்புவார்கள்; அது ஒரு குழுவின் செயலுக்கு அரசு பொறுப்பாகுமா என்ற கேள்விக்கு உரியது, மோதலின் வகையைத் தீர்மானிப்பதற்கு உரியதல்ல. இரண்டும் வேறு கேள்விகள் என்பதைப் பன்னாட்டு நீதிமன்றமே 2007இல் போஸ்னிய வழக்கில் ஒத்துக்கொண்டது.

தில்லியில் இந்தியப் பன்னாட்டுச் சட்டச் சங்கமும் செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவும் சேர்ந்து நடத்தும் ஹென்றி துனாந்து நினைவு மூட் ஆனாலும் சரி, ஹாங்காங்கில் ஆசிய பசிபிக் அணிகளுக்கு நடக்கும் செஞ்சிலுவை மூட் ஆனாலும் சரி, தாளைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது மோதலின் வகைப்பாடும், கற்பனை நாடுகள் எந்தெந்த உடன்படிக்கைகளை ஏற்றிருக்கின்றன என்பதும்தான். நம் பிள்ளைகள் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இந்தியாவே அதை ஏற்கவில்லை என்பதுபோல, தாளில் உள்ள நாடும் ஏற்காமல் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

சாட்சிக்கூண்டு எழுதியது:

சட்டம் கற்பிக்கிறேன், ஆண்டுக்கு நான்கைந்து மூட்களில் நடுவராக உட்காருகிறேன். மேலே நண்பர் சொன்னது சரி, ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

உள்நாட்டு மோதல் என்றே வைத்துக்கொண்டாலும் வழக்குத் தொடுநருக்கு 8(2)(உ)(i) இருக்கிறது: பொதுமக்கள்மீது வேண்டுமென்றே தாக்குதலைத் திருப்புதல். பாலத்தைக் குறிவைத்தவர்மீது இதை எப்படிச் சுமத்துவது என்று கேட்பீர்கள். யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் விசாரணை அமர்வு 2003இல், சரயேவோவை முற்றுகையிட்ட படையின் தளபதி கலிச் வழக்கில் ஒரு வழியைத் திறந்து வைத்தது. சில தாக்குதல்களில் மிகைத்தன்மை அப்பட்டமாகத் தெரிந்தால், பொதுமக்களே உண்மையான இலக்கு என்ற அனுமானத்துக்கு அது இடம்கொடுக்கக்கூடும் என்றது அந்த அமர்வு. சரயேவோவின் தோப்ரின்யாவில் 1993 ஜூன் 1 அன்று கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் விழுந்த குண்டுகளையும், 1994 பிப்ரவரியில் மார்க்கலே சந்தையில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற குண்டையும் அந்த அமர்வு எப்படித் தனித்தனியாக ஆராய்ந்தது என்பதைப் படியுங்கள். கால்பந்தாட்டக் கூட்டத்தில் படைவீரர்களும் இருந்தார்கள். அதை மறைக்காமல் ஒத்துக்கொண்டு, ஏறத்தாழ 200 பேர் திரண்ட இடத்தில் அது விடையாகாது என்று அமர்வு எழுதிய விதத்தில் நல்ல பாடம் இருக்கிறது.

ஆனால் உங்கள் வழக்கு மார்க்கலே அல்ல. உங்களிடம் ஒரு பாலம் இருக்கிறது, அது இராணுவ இலக்கு. இதை முதல் நிமிடத்திலேயே நீங்களாக ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்ளாமல் மல்லுக்கட்டும் மாணவரைவிட எரிச்சலூட்டும் காட்சி மூட் மேடையில் வேறில்லை; "அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன், மாண்புமிகு நீதிபதி அவர்களே" என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை வராமலே போகும் மாணவரை வேண்டுமானால் இரண்டாவதாகச் சொல்லலாம்.

மோதலின் வகை எதிர்த்தரப்புக்குச் சாதகமாக முடிந்தால், நீதிமன்ற ஒழுங்குவிதிகளின் 55ஆவது விதியைக் காட்டி, அதே நிகழ்வுகளுக்கு வேறு சட்டப் பெயர் சூட்டும்படி மாற்று வேண்டுகோள் வையுங்கள். முதன்மை வாதம் ஒன்று, மாற்று வாதம் ஒன்று. இரண்டுக்கு மேல் வேண்டாம்.

43 பேரில் தொடங்கும் உரையைப் பற்றி: அழகான வரி, தவறான இடம். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைப் பிரிவு கேட்கவில்லை. எத்தனை பேர் இறப்பார்கள் என்று தாக்கும் முன் அறிந்திருந்தார், எதிர்பார்த்த படைநலனோடு ஒப்பிட்டால் அது தெளிவாக மிகையா என்றுதான் கேட்கிறது. கூடுதல் நெறிமுறையில் வெறும் "மிகை" என்று இருந்ததை ரோம் சட்டம் "தெளிவாக மிகை" என்றும், படைநலனை "ஒட்டுமொத்தப் படைநலன்" என்றும் மாற்றியது. இந்த இரண்டு சொற்களும் எதிர்த்தரப்பின் சொத்து.

பழைய சீருடை எழுதியது:

பேராசிரியர் சொன்ன கடைசிப் பத்தியைப் பிடித்துக்கொண்டு பேச விரும்புகிறேன். தரைப்படையில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞன் அல்லன். உறவினர் பிள்ளை ஒருவருக்காக இப்படியொரு போட்டியைப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் அருவியாகக் கொட்டியது, தீர்ப்புகளின் பத்தி எண்கள் மழையாகப் பொழிந்தன. ஆனால் இரண்டு நாளும் ஒருவரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: உத்தரவிட்டவரின் மேசையில் அந்த நேரத்தில் என்ன இருந்தது?

எங்களுக்கு இந்தச் சட்டம் நீதிமன்றத்துக்கு உரியதாக அறிமுகமாகவில்லை. இலக்குப் பட்டியல், வரைபடம், பார்வையாளர் நிலையிலிருந்து வரும் செய்தி, கையிருப்பிலுள்ள குண்டுவகை, காற்று, வெளிச்சம், மேலதிகாரியின் அவசரம் ஆகியவற்றுக்கு நடுவில் ஒரு கேள்வியாகத்தான் அது வரும். காங்கோவில் ஐ.நா. பணியில் இருந்தபோது, ஐ.நா. படைகளும் மனிதநேயச் சட்டத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று பொதுச்செயலாளர் 1999இல் வெளியிட்ட அறிக்கையை எங்களுக்குப் படித்துக் காட்டினார்கள். ஜெனீவா உடன்படிக்கைகளின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான ஆகஸ்டு 12 அன்று நடைமுறைக்கு வந்தது அது. படித்துக் காட்டியவர் முடித்ததும் எங்கள் கம்பெனித் தளபதி கேட்டது இதுதான்: "சரி, நாளைக் காலை ரோந்துக்கு இதில் எது மாறுகிறது?" அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவர்தான் சட்டம் தெரிந்தவர் என்று அன்று நினைத்தேன், இன்றும் அதையே நினைக்கிறேன்.

மகளே, உன் தாளை எடுத்துக்கொள். பாலம் நகராது. செவ்வாய் காலையில் இருந்த பாலம் செவ்வாய் நள்ளிரவிலும் அங்கேயே இருக்கும். வண்டி கடக்கும் நேரத்தில்தான் அடிக்க வேண்டும் என்றால், இலக்கு வண்டியா பாலமா? வண்டி என்றால் உடைந்த பாலத்தைப் படைநலன் என்று காட்ட முடியாது. பாலம் என்றால் காலை நேரம் எதற்கு? பீரங்கி ஓர் இடத்தைப் புள்ளி வைத்து அடிக்கும் கருவியன்று, பரப்பில் சிதறும். வேறு கருவி கிடைத்ததா? குண்டு விழும் இடத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்தும் பார்வையாளர் இருந்தாரா? முதல் குண்டு விழுந்தவுடன் சந்தை தெரிந்திருக்குமே, அதன்பின் எத்தனை குண்டு போட்டார்கள்? தாளில் இவற்றுக்கு விடை இருந்தால் அதுதான் உன் வழக்கு. இல்லாவிட்டால் இல்லை என்பதையே சுட்டிக்காட்டு.

எதிர்த்தரப்புப் பிள்ளைக்கும் ஒன்று சொல்ல வேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. ஜெர்மானியத் தளபதி ரெண்டுலிச் 1944இல் நார்வேயின் வடகோடியிலிருந்து பின்வாங்கும்போது ஃபின்மார்க் பகுதியை எரித்துத் தள்ளினார், சோவியத் படை பின்தொடர்கிறது என்று நம்பி. அப்படிப் பெரும்படை எதுவும் பின்தொடரவில்லை. 1948இல் நியூரம்பர்க்கில் அவரை விசாரித்த அமெரிக்கத் தீர்ப்பாயம், அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த நிலவரப்படிதான் அவரை எடைபோட வேண்டும் என்று அந்தக் குற்றச்சாட்டிலிருந்து மட்டும் விடுவித்தது. மற்றவற்றில் இருபதாண்டுத் தண்டனை பெற்றார். நடந்து முடிந்ததை வைத்து ஒரு தளபதியைத் தூக்கில் போடுவது எளிது.

தாமிரபரணி எழுதியது:

ஐயா, பேராசிரியர் அவர்களே, அண்ணா, மூவருக்கும் நன்றி. நேற்று இரவே மோதலின் வகைப்பாட்டுக்கென்று தனியாக ஒரு பகுதி எழுதத் தொடங்கிவிட்டோம். "செஞ்சிலுவைப் போட்டி வேறு, நாடகப் போட்டி வேறு" என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். மேசையில் என்ன இருந்தது என்று ஐயா கேட்பது போன்ற கேள்விகளைக் கேட்கும் போட்டி உண்மையிலேயே இருக்கிறதா?

மூன்றாம் நாற்காலி எழுதியது:

இருக்கிறது, ழான் பிக்தே போட்டி. 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான ஆயத்தப் பணியைச் செஞ்சிலுவைக் குழுவில் முன்னின்று நடத்தி, அவற்றுக்கான விளக்கவுரையையும் பதிப்பித்த சுவிஸ் சட்ட அறிஞரின் பெயர் அது. 1989இல் தொடங்கிய இந்தப் போட்டி ஒவ்வோர் ஆண்டும் வேறொரு நாட்டில் ஒரு வாரம் நடக்கிறது. மூன்று பேர் கொண்ட அணி. மெமோரியல் இல்லை, வாதி பிரதிவாதி இல்லை. ஒரு கற்பனைப் போர் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகும், நீங்கள் அதற்குள் வாழ வேண்டும். காலையில் நீங்கள் ஒரு படைத்தலைமையகத்தின் சட்ட ஆலோசகர். மாலையில் செஞ்சிலுவைக் குழுவின் பிரதிநிதியாகத் தடுப்பு முகாம் வாசலில் நின்று உள்ளே விடும்படி கேட்பவர். மறுநாள் அதே கைதிகளை உள்ளே வைத்திருக்கும் கிளர்ச்சிக் குழுவின் தரப்பு. நடுவர்களே கோபக்கார ஜெனரலாகவும் அலட்சியமான அமைச்சராகவும் வேடமிட்டு எதிரே உட்காருவார்கள். பத்தி எண் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். மூன்றே வாக்கியத்தில், சட்டம் படிக்காத ஒருவருக்குப் புரியும்படி, ஏன் இன்று அந்தக் கிராமத்துக்குள் போகக்கூடாது என்று சொல்ல வேண்டும்.

ஐயாவின் கம்பெனித் தளபதி கேட்டதாகச் சொன்ன கேள்விதான் அங்கே முழுப்போட்டியும்.

குறுக்குவழி எழுதியது:

தமிழ்நாட்டு அணி என்றால் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டைத் தொடக்கத்தில் வைக்கலாமே. அம்பு விடும் முன் பசுக்களையும் பெண்களையும் நோயாளிகளையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லி அறிவிக்கும் அரசனைப் பற்றியது. முன்னெச்சரிக்கை அறிவிப்புக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சான்று.

சாட்சிக்கூண்டு எழுதியது:

வேண்டாம். ஒரே நாளில் மூன்று அணிகள் மூன்று பழம்பெரும் நூல்களிலிருந்து மேற்கோள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நடுவர்கள் மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மேலும், அந்தப் பாட்டை உண்மையாகவே படித்தவர் நடுவராக வந்துவிட்டால் உங்கள் நிலை சங்கடம். அது சில வகையினரைப் பெயர் சொல்லி விலக்கி நிறுத்துகிறது: பசு, பார்ப்பார், பெண்டிர், பிணியுடையோர், புதல்வரைப் பெறாதோர். ஊரில் மீதமுள்ள உழவன் எந்தப் பட்டியலில் வருகிறான்? போரிடாத எவரையும் தாக்காதே என்ற வேறுபடுத்தல் கோட்பாடு அதில் இல்லை. எச்சரித்துவிட்டால் போகாமல் நின்றவரைத் தாக்கலாம் என்ற தவறான முடிவுக்கும் அது கொண்டுபோய் விடும். இன்றைய சட்டத்தில் எச்சரிக்கைக்குப் பிறகும் நின்றுவிட்ட பொதுமகன் பொதுமகனே. கட்டுரை எழுதினால் விரிவாக எழுதுங்கள், அருமையான பொருள். இருபது நிமிட வாதத்தில் இடமில்லை.

பண்ணைப்பாலம் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சட்டம் படித்து முடித்துவிட்டேன். நாங்கள் இதைச் சர்வதேச மனிதாபிமானச் சட்டம் என்போம். இழையை முதலிலிருந்து வாசித்தேன். ஓய்வுபெற்ற அலுவலர் சொன்னதில் எனக்கு மறுப்பு உண்டு, ஆனால் மரியாதையோடுதான் சொல்கிறேன்.

2009இல் எனக்கு ஏழு வயது. குடும்பத்தோடு வன்னியில் இருந்தோம். அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை. பல்கலைக்கழகத்தில் மூட் அணிக்குத் தெரிவானபோது, சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தது பிரதிவாதித் தரப்பு. கற்பனை நாடு, கற்பனைத் தளபதி, வைத்தியசாலைக்கு அருகில் விழுந்த ஷெல். மாற்றித் தரும்படி கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்கவில்லை. ஒரு மாதம் அந்தத் தளபதியின் கதிரையில் இருந்து, அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பட்டியல் போட்டேன். அப்போது கண்டதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்: தெரியாது என்ற பக்கம் நீண்டுகொண்டே போனது. ஏன் நீண்டது? அவர் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தது, வழி இருந்தது, அவகாசமும் இருந்தது. ரெண்டுலிச் தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டால், கேட்காமல் இருப்பதே ஒரு தளபதிக்குப் பாதுகாப்பாகிவிடும்.

கலிச் தீர்ப்பு இந்த இடத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தது. தாக்கியவரின் நிலையில் இருக்கும், நியாயமான அளவுக்கு விபரமறிந்த ஒருவர், கிடைக்கக்கூடிய தகவலை நியாயமாகப் பயன்படுத்தியிருந்தால் என்ன எதிர்பார்த்திருப்பார் என்பதே கேள்வி. மேசையில் என்ன இருந்தது என்பதோடு விஷயம் முடியவில்லை; மேசைக்கு எது வந்திருக்க வேண்டும் என்பதும் உண்டு. இலக்கைச் சரிபார்க்க இயன்ற அனைத்தையும் செய் என்று முதலாம் மேலதிக நெறிமுறையின் 57ஆம் உறுப்புரை சொல்வதும் இதைத்தான்.

சந்தை முன்கூட்டிக் கூடியது அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? கிழவிக்குத் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், ஆட்டை விற்கப் பத்து மைல் நடந்து வந்தவனுக்குத் தெரியும். ஷெல்லுக்குக் கீழே இருக்கிறவர்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றி எல்லாம் தெரியும் என்பதை இந்தப் போட்டிகள் ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் என் மனக்குறை.

நாங்கள் அந்தச் சுற்றில் வென்றோம் என்பதையும் சொல்லவேண்டும். வீட்டில் அம்மா யாருக்காக வாதாடினாய் என்று கேட்டா. சொன்னேன். அவ ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாடு போட்டா.

பழைய சீருடை எழுதியது:

தம்பி, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. நீங்கள் சொன்னது சரி. கேட்காதவனுக்கு ரெண்டுலிச் அடைக்கலம் ஆகக்கூடாது. எங்கள் பயிற்சியிலும் அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது: திட்டம் சொல்லி முடித்ததும், "எனக்குத் தெரியாதவை" என்று தனியாக ஒரு பட்டியல் சொல்ல வேண்டும். அதில் எதற்கும் ஆள் அனுப்பாமல் விட்டிருந்தால் திட்டம் திரும்பி வரும். இதை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். தளபதிகளின் பக்கம் நின்று பேசியே பழகிவிட்டேன்.

சாட்சிக்கூண்டு எழுதியது:

இருவருக்கும் ஓர் எச்சரிக்கையை மட்டும் வைக்கிறேன், இந்த மாணவி வாதாடப்போகும் மன்றத்தை முன்னிட்டு. கலிச் அளவுகோல் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தினுடையது. ரோம் சட்டத்தின் பிரிவு தாக்கியவர் முன்பே அறிந்திருந்தார் என்று நிறுவச் சொல்கிறது, அதன் குற்றக்கூறுகள் ஆவணமும் அந்த நேரத்தில் அவருக்குக் கிடைத்த தகவலை வைத்தே எடைபோட வேண்டும் என்கிறது. தெரிந்திருக்க வேண்டும் என்பது இங்கே தெரியும் என்பதற்கு ஈடாகாது. முன்னெச்சரிக்கைத் தவறு தானாக ஒரு குற்றமும் அல்ல. அறிவையோ நோக்கத்தையோ காட்டும் சான்றாக மட்டுமே அதைக் கொண்டுவர முடியும். குரோஷியத் தளபதி கொத்தோவினா வழக்கில் 2011இல் விசாரணை அமர்வு, இலக்கிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் விழுந்த குண்டுகளை வைத்துச் சட்டவிரோதத் தாக்குதல் என்று அனுமானித்தது; 2012இல் மேல்முறையீட்டு அமர்வு ஐவரில் மூவர் என்ற பெரும்பான்மையில் அதைத் தூக்கியெறிந்தது. பீரங்கி வழக்கில் இதைப் படிக்காமல் போகும் அணியை நான் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்புவேன்.

மேசைக்கு வந்திருக்க வேண்டியது அங்கே வந்தது என்று காட்டும் ஏதாவது ஒன்று தாளில் இருந்தாக வேண்டும். இணைப்புகளைப் படித்தீர்களா? மாணவர்கள் இணைப்புகளைப் படிப்பதில்லை.

தாமிரபரணி எழுதியது:

பேராசிரியர் அவர்களே, படிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். இணைப்புகள் நான்கு, வரைபடமும் உத்தரவின் நகலும் போக மற்ற இரண்டையும் புரட்டிப் பார்த்ததோடு சரி. இன்று மூவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம்.

மூன்றாவது இணைப்பு, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் படைமுகாமின் பொருள் வழங்கல் பதிவேடு. டீசல், பேட்டரி, அரிசி என்று போகும் பட்டியலில் வியாழன்தோறும் "காய்கறி, உள்ளூர்ச் சந்தை" என்று ஒரு வரி வருகிறது. அந்த வாரத்தில் மட்டும் அது வியாழனன்று இல்லை. செவ்வாய்க்கிழமை அதிகாலை 5.40க்கு ஒரு வண்டி காய்கறி வாங்கப் புறப்பட்டதாக இருக்கிறது. உத்தரவின் நகலில் உள்ள நேரம் 7.15. பிரிகேடியரின் சொந்தப் படையே அன்று சந்தை கூடுகிறது என்று அறிந்து ஆள் அனுப்பியிருக்கிறது.

உரையின் தொடக்கத்தை மாற்றிவிட்டோம். 43 பேர் இப்போது எட்டாவது நிமிடத்தில்தான் வருகிறார்கள். முதல் வாக்கியம் இது: "பாலம் ஓர் இராணுவ இலக்கு என்பதை வழக்குத் தொடுநர் தரப்பு ஏற்கிறது, அன்று காலை 5.40க்கு அந்தப் பாலத்தை நோக்கி ஒரு படைவண்டி காய்கறி வாங்கப் புறப்பட்டது."

ஒரே சிக்கல். அந்தப் பதிவேட்டைப் பார்ப்பவர் குவார்ட்டர்மாஸ்டர். அது பிரிகேடியரின் கண்ணில் பட்டதா என்பதைப் பற்றி எங்கும் ஒரு சொல்லும் இல்லை. தாள்குறித்த விளக்கக் கேள்விகளை அனுப்பக் கடைசி நாள் நாளை மறுநாள். பிரிகேடியர் அதைப் பார்த்தாரா என்று கேட்டு அனுப்பலாமா?

மூன்றாம் நாற்காலி எழுதியது:

அனுப்பாதீர்கள். பார்க்கவில்லை என்று பதில் வந்தால் உங்கள் வழக்கு அன்றோடு முடிந்தது, அந்தப் பதில் எல்லா அணிகளுக்கும் போகும். தாள் சொல்லாமல் விட்டதை நீங்களும் சொல்லாமல் விடுங்கள். முகாமின் அளவு, பதிவேடு யார் கையெழுத்துக்குப் போகிறது, அந்த வண்டி வெளியே போக அனுமதிச் சீட்டு யார் தந்தது ஆகியவற்றிலிருந்து அனுமானமாகக் கட்டுங்கள். நான்காவது இணைப்பில் வாயில் காவல் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய சீருடை எழுதியது:

எந்த முகாமிலும் இருட்டில் வண்டி வெளியே போனால் அது காலை நிலவர அறிக்கையில் ஒரு வரியாக வரும், மகளே. அந்த அறிக்கையைத் தளபதி தேநீரோடு படிப்பார். தாளில் அப்படியோர் அறிக்கை இருக்கிறதா?

தாமிரபரணி எழுதியது:

இருக்கிறது, ஐயா. நான்காவது இணைப்பு, இரண்டாம் பக்கம். நேரம் 6.30. பெறுநர் பட்டியலில் முதல் பெயர் பிரிகேடியருடையது. வண்டி வெளியே சென்ற நோக்கத்தை எழுதும் கட்டத்தில் "வழக்கமான கொள்முதல்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எந்தச் சந்தை என்று எழுதவில்லை. இன்று இரவு அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பாகவும் எங்கள் தரப்பாகவும் மாறி மாறிப் பேசிப் பார்க்கப் போகிறோம்.